எக்ஸ்-கதிருக்கு லென்ஸ் கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கியான ஆஸ்ட்ரோசாட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் பிளஸ் டூ வகுப்பில் வாசித்துக் காட்டினேன். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது, எடை, 650 கி.மீ. உயரச் சுற்றுப்பாதை, எல்லாம் சரி. கருவிகளுக்கு மட்டும் 'அதிநவீன கேமராக்கள்' என்று ஒரே வரி. கூட இருந்த படத்தில் தொலைநோக்கிக் குழாயின் வாயில் லென்ஸ். "எக்ஸ்-ரே லென்ஸ்ல எப்படி மிஸ் வளையும்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

வளையாதுதான். கண்ணாடியில் நேராக விழுந்தாலும் திரும்பி வராது. குளத்தில் தட்டைக்கல்லைச் சாய்த்து வீசினால் தத்திப் போகும், மேலிருந்து போட்டால் முழுகிவிடும். எக்ஸ்-கதிரும் அப்படித்தான். அதனால் ஆஸ்ட்ரோசாட்டின் மென் (ஆற்றல் குறைந்த) எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியில் தங்கம் பூசிய அலுமினியத் தகடுகளை வெங்காயம் போல ஒன்றுக்குள் ஒன்றாக 40 அடுக்கு வைத்திருக்கிறார்கள். கதிர் தகட்டை உரசினாற்போல் பட்டுச் சற்றே திரும்பி, 2 மீட்டர் தள்ளியிருக்கும் சிசிடி என்ற உணர்சில்லில் குவிகிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் பாடுபட்டு உருவாக்கியது. இதை ஒரு வரியில் தாண்டிப் போகலாமா?

ஆற்றல் கூடிய கதிர் இதற்கும் மசியாது. அதற்குக் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு என்ற படிகத்தால் கதிரை உணரும் கருவி இருக்கிறது. அதன் மேல் ஓட்டை ஓட்டையாக வெட்டிய உலோகத் தகடு. ஜன்னல் கம்பி நிழலைப் பார்த்தே வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா, அப்படி நிழலை வைத்தே கதிர் வந்த திசையைக் கணக்கிடுகிறார்கள். அப்புறம் இன்னொன்று. 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட கதிர் சில சமயம் உணர்பரப்பின் ஒரு கட்டத்தில் மோதிச் சிதறி அடுத்த கட்டத்தில் விழும். எந்தப் பக்கம் அதிகம் சிதறுகிறது என்று எண்ணியே நண்டு நெபுலாவில் உள்ள துடிவிண்மீனின் (சுழன்றபடி துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் விண்மீன்) கதிர் எவ்வளவு தளவிளைவு, அதாவது அதிர்வு ஒரே தளத்தில் அமைவது, அடைந்திருக்கிறது என்று அளந்தார்கள். 2017இல் அந்த முடிவு வெளியானது. வகுப்பில் இதைச் சொன்னபோது மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்ட்ரோசாட்டில் எக்ஸ்-கதிரை உணரச் செனான் வாயு அடைத்த மூன்று உணர்பெட்டிகளில் ஒன்றில் வாயு கசிந்ததையும் எழுதியிருக்கலாம். பிள்ளைகளுக்கு அதுவும் தெரிய வேண்டும்.

அடுத்த இதழில் படத்தைத் திருத்தி வெளியிடுங்கள். அந்த மாணவி நோட்டில் வரைந்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அளவுகள் முன்னே பின்னே இருக்கும், கதிர் போகும் வழி சரியாக இருக்கிறது.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை,
தென்காசி