அயோடினும் காகிதக் குவளையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரின் மருத்துவப் பக்கத்தில், ‘கதிரியக்கப் பொருள் உடலுக்குள் போனால் ஆயுளுக்கும் வெளியேறாது, அருகில் இருப்போருக்கும் ஆபத்து’ என்று எழுதியிருந்தீர்கள். அன்று மாலையே எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எல்லோருக்கும் எவர்சில்வர் குவளையில் மோர் வந்தது. என் மனைவிக்கு மட்டும் காகிதக் குவளை.

தைராய்டு புற்றுநோய் அறுவைக்குப் பின் அவர் கதிரியக்க அயோடின்-131 மாத்திரை விழுங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. அதன் அரைவாழ்வு, அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள் என்பது தாங்கள் அறியாததா? 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. சிறுநீரிலும் வியர்வையிலும் கழிவது தனிக் கணக்கு. உணவில் வரும் அயோடினைப் பிடித்து வைத்துக்கொள்வது தைராய்டின் குணம். அந்தப் பசியைப் பயன்படுத்தித்தான் எஞ்சிய புற்றுச் செல்களுக்குள் மருந்தை நுழைக்கிறார்கள். அதன் பீட்டாக் கதிர் ஓரிரு மில்லிமீட்டருக்குள் தன் வேலையை முடித்துவிடும். அந்தப் பசியைக் கூட்ட, அயோடின் உள்ள கடல் உணவை முன்கூட்டியே நிறுத்த வேண்டும்; அதனால் நெத்திலிச் சம்பல் இல்லாமல் சோறு இறங்காத என் மனைவி இரண்டு வாரம் அதைத் தொடவில்லை. தனியறையில் வைத்து, கதிர்மானியால் அளந்த பிறகே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பேரனைச் சில நாள் தூக்கக் கூடாது, கழிப்பறையில் இருமுறை நீர் விட வேண்டும் என்பதையெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்துத் தந்தார்கள். தமிழில் எழுதி அடுப்படியில் ஒட்டியவன் நான்.

கதிரியக்கத்துக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. ஈப்போ அருகே அரிய மண் தாது ஆலை ஒன்றின் தோரியம் என்னும் கதிரியக்க உலோகக் கழிவை எதிர்த்துப் புக்கிட் மேரா மக்கள் வழக்காடியதையும், 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அந்த ஆலையை மூடச் சொன்னதையும் சுங்கை சிப்புட்டில் இருக்கும் நாங்கள் மறக்கவில்லை. தோரியம்-232இன் அரைவாழ்வு சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அதையும், 1941இலேயே பாஸ்டனில் தைராய்டு நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய கதிரியக்க அயோடினையும் ஒரே தராசில் நிறுத்த எப்படித்தான் மனம் வந்ததோ!

இது முதல் முறையும் அன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் மைக்ரோவேவ் அடுப்பு கதிரியக்கம் பரப்புவதாக எழுதினீர்கள். நான் அனுப்பிய மறுப்பின் தலையையும் வாலையும் வெட்டி, ‘அடுப்பு ஆபத்து: வாசகர் கவலை’ என்று தலைப்பிட்ட தங்கள் பெருந்தன்மைக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

நான் கேட்பது நான்கு வரித் திருத்தம். அதே மருத்துவப் பக்கத்தில், அதே எழுத்தளவில் வரட்டும். இரங்கல் விளம்பரங்களுக்கு அடியில் வேண்டாம். வந்தால் கத்தரித்துக் கோயில் அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்