மொட்டைக்கு நெட்டை எழுதுவது

அன்புள்ள மொட்டை,

முதலில் திட்டிவிடு. வாய் வலிக்கும் வரை திட்டி முடித்துவிட்டு அப்புறம் மேலே படி. பதினோரு மாதமாக நீ கூப்பிட்டால் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தவிர வேறு பதில் இல்லை. உன் மகள் கல்யாணத்துக்குக்கூட "உடம்பு சரியில்லை" என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன். நான் சொன்னதில் அந்த ஒரு வரிதான் உண்மை.

எனக்கு மார்பகப் புற்றுநோய். இடது பக்கம். ஆபரேஷன் ஆயிற்று, கீமோ ஆயிற்று, போன செவ்வாய்க்கிழமையோடு ரேடியேஷனும் முடிந்தது. டாக்டரின் முகம் இப்போதைக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. இனி தினம் ஒரு மாத்திரை, வருஷக்கணக்கில். ஆகவே இது விடைபெறும் கடிதம் இல்லை, மூக்கைச் சிந்தாதே.

கீமோவில் என் தலையும் பளபளவென்று ஆகிவிட்டது. நியாயப்படி இனி உன்னை மொட்டை என்று கூப்பிட எனக்கு உரிமை கிடையாது. இப்போது நகக்கண் உயரத்துக்கு முளைத்திருக்கிறது, அதுவும் சுருட்டையாக! இத்தனை வருஷம் விளக்குமாற்றுக் குச்சி போல நின்ற முடி. கீமோவுக்குப் பிறகு சிலருக்கு இப்படித்தான் வருமாம். இருந்தாலும் உன் பட்டத்தை நான் எடுத்துக்கொள்வதாக இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நேராக அதற்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் அந்தக் காத்திருப்பு அறையைச் சொல்லிவிடுகிறேன்.

கீமோவில் யாரோடும் பழக முடிவதில்லை. எனக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு முகங்கள், பாதிப் பேர் தூக்கத்தில். ரேடியேஷன் அப்படி இல்லை. எனக்கு 15 சிட்டிங், திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் அதே நேரம். அதனால் பக்கத்து நாற்காலியிலும் அதே ஆட்கள். மூன்றாம் நாளே வகுப்பு மாதிரி ஆகிவிட்டது. யார் எங்கே உட்கார்வார்கள் என்பது வரை. ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் கதவைப் பார்த்துக்கொண்டே இருப்போம்.

எங்களுக்குள் இரண்டு கட்சிகள். இடது, வலது. அரசியல் எதுவும் இல்லை, எந்தப் பக்கம் கட்டி என்பதுதான் கொள்கை. வலது கட்சிக்காரர்கள் சொகுசு. மேசையில் படுத்துக் கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டால் போதும். இடது பக்கம் என்றால் அடியில் இதயம் இருக்கிறது. அதனால் எங்களை மூச்சை நன்றாக இழுத்து நிறுத்தச் சொல்கிறார்கள். நுரையீரல் காற்றால் நிரம்பும்போது இதயம் நெஞ்சுச் சுவரிலிருந்து விலகுமாம், அந்த நேரம் பார்த்துக் கதிரை விடுகிறார்கள். ஒரு தடவைக்கு இருபது விநாடி போல. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வரும்: "மூச்சை இழுங்க... நிறுத்துங்க." முதல் நாள் அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டி ஞாபகம்! தலையை உள்ளே விட்டு நான் 42 எண்ணினேன், நீ 50 என்று புளுகினாய், வார்டன் வந்தாள். சிரித்ததில் மூச்சு கலைந்து, மெஷின் தானாக நின்றுபோய், மறுபடி முதலிலிருந்து. உள்ளே வந்த டெக்னீஷியனிடம் என்னவென்று விளக்குவது?

படுக்கவைத்து நேர்ப்படுத்துவதில்தான் நேரம் போகிறது. முதலிலேயே ஸ்கேன் எடுத்து, தோலில் ஊசியால் மூன்று புள்ளி பச்சை குத்திவிடுகிறார்கள். அந்தப் புள்ளிகளோடு லேசர் கோடு பொருந்தும் வரை நம்மை அரிசி மூட்டை மாதிரி மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவார்கள். "நீங்க நகராதீங்க, நாங்க நகர்த்துறோம்." என் உயரத்துக்குக் கால் வேறு மேசைக்கு வெளியே தொங்கும். கதிர் பாயும் நேரம் இரண்டொரு நிமிஷம்தான். அந்த இரண்டு நிமிஷம் எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள், கனத்த கதவு மூடிக்கொள்ளும், ஒரு கேமராவும் நானும். வலியே கிடையாது. வலி இல்லாமல் இருப்பதுதான் முதல் நாள் பயமாக இருந்தது.

எங்கள் அறையில் யாரும் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை. "கரண்ட் வைக்கிறாங்க" என்பதுதான். வலது கட்சித் தலைவி ஒரு கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்தக் கரண்ட் என்ற சொல்லே பிடிக்காது. மெஷினுக்குக் கணக்குப் போடுகிற இயற்பியல்காரரை வழியில் மறித்து, எவ்வளவு சூடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். மொத்தம் 40 கிரே என்றார் அவர். ஒரு கிரே என்றால் ஒரு கிலோ சதைக்கு ஒரு ஜூல். டீச்சர் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டு எங்களுக்குக் காட்டினார். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,200 ஜூல் போல வேண்டும், எங்களுக்குக் கிடைப்பது 40. ஆக, 15 நாள் கதிரையும் ஒன்றாகக் கொட்டினாலும் உடம்பு ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூடச் சூடாகாது. அப்புறம் ஏன் என் தோல் தீய்ந்துபோய்க் கிடக்கிறது என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். சுடுவது சூடு இல்லையாம். செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழையைக் கதிர் அறுத்துவிடுகிறது. நல்ல செல்லுக்கும் அறுபடும், ஆனால் அதற்குத் தைத்துக்கொள்ளத் தெரியும். புற்று செல்லுக்கு அந்தத் தையல் சரியாக வராது. அதனால்தான் ஒரே நாளில் கொடுக்காமல் துண்டு துண்டாக, சனி ஞாயிறு விட்டு. "நல்லதுங்க தைக்கிறதுக்கு லீவு" என்றார் டீச்சர்.

சின்னப் பெண் ஒருத்தி, முப்பதுகூட இருக்காது. நாலு வயசுப் பையன். அவனைத் தொட்டால் அவனுக்கும் கதிர் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, ஒரு வாரமாகத் தனி அறையில் படுத்திருக்கிறாள். அதைக் கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் யாரையாவது அடிக்க வேண்டும் போல வந்தது. நர்ஸைக் கூப்பிட்டு அவள் காதுபடச் சொல்லவைத்தோம்: வெளியிலிருந்து மெஷினில் கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது, விளக்கை அணைத்தால் வெளிச்சம் அறையில் மிஞ்சி நிற்காதல்லவா, அந்த மாதிரி. மறுநாள் வந்து, "அவன்தான் போதும் விடுன்னு கத்தினான்" என்றாள்.

ஆண்கள் பக்கம் வேறு கூத்து. புராஸ்டேட் ஆட்கள் ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு நாள் மெஷின் மக்கர் செய்து முக்கால் மணி நேரம் தாமதம். அத்தனை பெரிய மனிதர்களும் எழுந்து நடக்கிறார்கள், சுவரைப் பார்க்கிறார்கள், முகத்தில் அப்படி ஒரு தவம். ஒருவர் மட்டும் அசையாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விசாரித்தால், அவர் எங்கள் ஆள்! மார்பகப் புற்றுநோய்தான். இந்த நோய் வருகிறவர்களில் நூறில் ஒருவர் போல ஆண்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. எட்டு நாளாக வெட்கத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்திருக்கிறார். இடது. கட்சியில் சேர்த்துக்கொண்டோம்.

சிரிப்பாகவே எழுதுகிறேன் என்று நினைக்காதே. இரண்டாவது வாரக் கடைசியில் தோல் சிவந்து, அப்புறம் கறுத்து, மார்புக்கு அடி மடிப்பில் உரிந்துவிட்டது. முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் இன்னும் மோசமாகிவிட்டுத்தான் ஆறத் தொடங்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறேன். பழைய தளர்ந்த பருத்திச் சட்டை, அவர்கள் கொடுத்த களிம்பு, வாசனை சோப்புக்குத் தடை. அதையெல்லாம் சமாளித்துவிடலாம். இந்த அசதிதான் தாங்கவில்லை. தூங்கினால் போகிற அசதி இல்லை இது. குளித்துவிட்டு வந்து, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். தினம் கொஞ்சம் நடந்தால் குறையும் என்றார்கள். முதலில் நம்பவில்லை, உண்மைதான். டீச்சர் எங்களை வராந்தாவில் நாலு சுற்று நடத்திய பிறகுதான் வீட்டுக்கு விடுவார்.

சரி. இப்போது சொல்கிறேன்.

பத்தாவது நாளோ என்னவோ, புதிதாக ஒரு பெரியம்மா வந்தார். அவருக்குப் பழைய நோய், எலும்புக்குப் போய்விட்டது. முதுகு வலிக்காக ஐந்து சிட்டிங் மட்டும். தனியாகத்தான் வந்தார். ஒரு கையில் பை, ஒரு கையில் ஃபைல். எங்கள் அறையில் அநேகமாக எல்லோரோடும் ஒருவர் வருவார்கள், குறைந்தது வாசல் வரைக்கும். டீச்சருக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, "கூட யாரும் வரலையா?" என்று கேட்டுவிட்டார். பெரியம்மா கோபப்படவில்லை. "சிநேகிதங்க நிறைய உண்டு. வரேன் வரேன்னு சொல்லுவாங்க, வரமாட்டாங்க. நோய்க்குப் பயம் இல்லை. எங்கிட்ட என்ன பேசறதுன்னு பயம்" என்றார். சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போல.

அதற்குள் ஸ்பீக்கரில் என் பெயர் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு மூச்சு நிற்கவில்லை, மொட்டை. நாலு தடவை கலைந்தது.

உன் அக்காவுக்கு வந்தபோது நான் போய்ப் பார்க்கவே இல்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இத்தனை வருஷத்தில் நாம் அதைப் பேசியதில்லை. எனக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள். முதல் வருஷக் கட்டணத்தில் பாதியை எங்கள் வீட்டுக்குத் தெரியாமல் கட்டியவள். அவளுக்கு அப்போது 25 சிட்டிங், ஐந்து வாரம் என்று நீ சொன்ன ஞாபகம். அந்த ஐந்து வாரமும் நான் அரை மணி நேரத் தூரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு நாள் வந்தேன், அது உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, உள்ளே என்ன பேசுவது, எங்கே பார்ப்பது என்று யோசித்து யோசித்து, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனேன். அன்று மாலை உனக்குப் போன் செய்து ஆபீஸில் ஆடிட் என்று சொன்னேன். "பரவாயில்லை, வேலையைப் பார்" என்றாய். அதற்கப்புறம் நீ அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு தடவை கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம், நீ.

அதனால்தான் எனக்கு வந்ததும் எந்த முகத்தோடு உன்னிடம் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். சொன்னால் அடுத்த வண்டியில் வந்து நிற்பாய். வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பாய். அதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

அந்தப் பெரியம்மாவின் மிச்ச நாட்களில் என் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பையைப் பிடித்துக்கொண்டேன், ஃபைலைப் பிடித்துக்கொண்டேன். என்ன பேசுவது என்று ஒருபோதும் அவ்வளவு பெரிய கேள்வியாக இல்லை என்பது அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. ஐந்தாம் நாள் "வலி கொஞ்சம் தேவலை" என்றார். மற்றதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு அக்காவிடம் கேட்க நிறைய இருக்கிறது. அவளுக்கும் இடதுதானா? அந்தக் காலத்தில் மூச்சு நிறுத்தச் சொன்னார்களா? அடி மடிப்புப் புண் எத்தனை நாளில் ஆறியது? தோள் இறுகிப் போகாமல் இருக்கச் சுவரில் விரலை ஏற்றும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், அவளும் செய்தாளா, இன்னும் செய்கிறாளா? அந்த 25 நாளும் அவள் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? நீ வேலைக்குப் போகும் நாட்களில்?

நீ முந்திக்கொண்டு அவளிடம் எதுவும் சொல்லிவைக்காதே. நானே சொல்கிறேன். அவள் இன்னும் அந்தப் பழைய எண்ணில்தான் இருக்கிறாளா என்று மட்டும் எழுது. காலையில் கூப்பிடுவது நல்லதா, மாலையா? எனக்குக் காலையில்தான் உடம்பில் கொஞ்சம் தெம்பு இருக்கிறது.

உன் மகள் எப்படி இருக்கிறாள்? மாப்பிள்ளை உன்னைப் பார்த்துப் பயப்படுகிறாரா, இல்லை இன்னும் உன்னைச் சரியாகத் தெரியாதா? கல்யாணப் படங்களில் மங்கிய பச்சைப் புடவையில் நிற்பது "கரடி"தானே? அவள் எப்போது அவ்வளவு இளைத்தாள்?

மாதக் கடைசியில் வா. அதற்குள் தோல் ஆறிவிடும், கட்டிப்பிடிக்கலாம். வலது பக்கமாக.

இப்படிக்கு,
நெட்டை

பி.கு.: நான் எண்ணியது 42. நீ எண்ணியது 50 இல்லை. மெஷின் அறையில் இருபதுக்கே கண் இருட்டுகிறது, யாரை ஏமாற்றினாய்?