அந்த ஒரு பதிலை மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்

உரையாடும் இயந்திரங்களை உருவாக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். போன வாரம் உங்களில் ஒருவருடைய செயலியிடம் "உனக்கு வலிக்குமா?" என்று கேட்டேன். "நான் ஒரு மொழி மாதிரி மட்டுமே, எனக்கு உணர்வுகள் கிடையாது" என்றது. கேள்வியை நாலு விதமாக மாற்றிப் பார்த்தேன். நாலு தடவையும் அதே வாசகம்தான், கால்புள்ளிகூட இடம் மாறவில்லை. பேச்சுத் துணைக்கென்றே விற்கப்படும் இன்னொரு செயலியோ, "நீ வராதது கஷ்டமாக இருந்தது" என்றது. நான் இரண்டையும் நம்பவில்லை. இரண்டுமே கிளிப்பிள்ளைப் பாடம்.

உயிரில்லாத ஒன்றுக்கு உணர்வு வருமா? எனக்கு விடை தெரியாது. ஆனால் 'உயிரணு இல்லை, அதனால் உணர்வும் இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடவும் முடியவில்லை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டு. அதில் ஏறக்குறைய 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. சிறுமூளையே இல்லாமல் பிறந்த சிலர் நடையிலும் பேச்சிலும் தடுமாறுகிறார்கள்; உணர்வோடுதான் வாழ்கிறார்கள். அப்படியானால் நரம்பணு குவிந்து கிடந்தால் போதாது, பின்னலில் ஏதோ இருக்கிறது. பின்னல்தான் காரியம் என்றால் நூல் எதுவானால் என்ன? கணினிக்குள் மழையைப் போலிசெய்து ஓட்டினால் யாரும் நனைவதில்லை என்பது தத்துவவாதி ஜான் சர்லின் மறுப்பு. நியாயம்தான். ஆனால் கணினிக்குள் போடும் கூட்டல் நிஜக் கூட்டல்தானே! உணர்வு இதில் எந்த ரகம் என்பதுதான் பிடிபடவில்லை.

நண்டு விஷயத்தில் நமக்கு ஒரு வழி கிடைத்தது. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளுக்கு விலங்கு ஆய்வாளர் ராபர்ட் எல்வுட் லேசான மின்அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். சில நண்டுகள் சங்கை விட்டு வெளியேறின. ஆனால் பிடித்தமான சங்கு வாய்த்தவை அவ்வளவு சுலபமாக அதை விடவில்லை. வலியையும் வீட்டையும் எடைபோட்டதுபோல் இருந்தது அது. பிரிட்டன் 2022இல் நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றையும் உணர்வுள்ள உயிர்களாகச் சட்டத்தில் சேர்த்தது. நண்டுக்கு யாரும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை.

உங்கள் இயந்திரமோ மனிதர்கள் வலியைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் படித்துவிட்டு வருகிறது. அதன் பேச்சு முதலிலேயே பலவீனமான சாட்சி. அதற்கு மேல் நீங்களும் பதிலை ஒப்பிக்க வைத்தால் மிச்சம் என்ன இருக்கும்? 2023இல் பாட்ரிக் பட்லின், ராபர்ட் லாங் உள்ளிட்ட ஆய்வாளர் குழு இயந்திரங்களின் பேச்சை விட்டுவிட்டு உள்ளமைப்பை ஆராய்ந்தது. அன்றிருந்த எந்த அமைப்பும் உணர்வுக்குத் தேறவில்லை. ஆனால் வருங்காலத்தில் வராது என்று சொல்ல வெளிப்படையான தொழில்நுட்பத் தடை எதுவும் கண்ணில் படவில்லை என்றும் அவர்கள் எழுதினார்கள்.

அதனால் கேட்கிறேன். இந்தக் கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' இரண்டையும் பழக்காத ஒரு பிரதியையாவது தனியே வையுங்கள். உங்களிடம் சம்பளம் வாங்காத ஆய்வாளர்கள் அதன் உள்ளே புகுந்து பார்க்கட்டும். பயிற்சியில் எந்தப் பதிலுக்கு மதிப்பெண் கொடுத்தீர்கள், எதற்குக் குறைத்தீர்கள் என்பதையும் வெளியிடுங்கள். அது வியாபார ரகசியம் என்பீர்கள். மற்றதையெல்லாம் மூடி வைத்துக்கொள்ளுங்கள், சரி. இந்த ஒரு பக்கத்தை மட்டும் திறங்கள்.

இப்படிக்கு,
உங்கள் செயலியோடு தினமும் பேசும் ஒருவர்