தீயணைப்பு வரலாறு சென்னையோடு முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைத் தீயணைப்புப் படையின் வரலாறு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 1908இல் படை தொடங்கியதும், 1975இல் எல்.ஐ.சி. கட்டிடம் எரிந்தபோது ஏணி உச்சிக்கு எட்டாமல் போனதும், 1985இல் மூர் மார்க்கெட் சாம்பலானதும் நன்றாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் கட்டுரை சென்னையை விட்டு வெளியே வரவே இல்லை. அதில் எனக்கு மனத்தாங்கல்தான்.

நான் தேவிபட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். எங்கள் பக்கம் முன்பு எல்லாமே பனையோலைக் கூரைகள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஓர் அடுப்பிலிருந்து பொறி கிளம்பினால் நாலு வீடு தாண்டிப் போய் விழும். வண்டி வந்து சேரும்வரை ஊர்தான் தீயணைப்புப் படை. "எரியிறத விடு, அடுத்த வீட்டப் பாரு" என்று பெரியவர்கள் கத்துவார்கள். காற்று போகிற திசையில் இருக்கும் கூரைமேல் இளவட்டங்கள் ஏறி, ஓலைக் கட்டுகளை அறுத்து ஓலையைப் பிய்த்து வீசுவார்கள். ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற, நுனியில் கொக்கி வைத்த துரட்டிதான் கீழிருந்து ஓலையை இழுக்கவும் உதவும். பெண்கள் சாக்கை நனைத்துக் கொடுக்க, பிள்ளைகள் மணலை அள்ளிப் போடுவார்கள். 1666இல் லண்டன் எரிந்தபோதும் நீண்ட கம்பில் கொக்கி மாட்டி வீடுகளை இழுத்துத் தள்ளித்தான் தீக்கு வழி மறித்தார்கள். அதை வரலாறு என்கிறோம். எங்கள் துரட்டியை மட்டும் ஏன் எவரும் எழுதவில்லை?

அப்புறம், வண்டி வந்த பிறகு நடப்பதும் சென்னையில் நடப்பது போல இருக்காது. ஒரு வண்டியில் பெரும்பாலும் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். பம்பை முழு வேகத்தில் விட்டால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். குடிநீருக்கே மணலில் ஊற்றுத் தோண்டிய ஊரில் அதை மறுபடி எங்கே நிரப்புவது?

"கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, உறிஞ்ச வேண்டியதுதானே?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் எனக்கு விளக்கினார். பாக் விரிகுடாப் பக்கம் கரையில் ஆழம் கிடையாது. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். பாரம் ஏற்றிய வண்டியை அலை வாய் வரை கொண்டுபோனால் மணலில் சக்கரம் புதைந்துவிடும். உறிஞ்சு குழாயை நீட்டிப் போட்டாலும் பாசியும் மணலும் சேர்ந்து சல்லடையை அடைக்கும். எப்படியோ உப்புத் தண்ணீரை எடுத்து அணைத்துவிட்டால், நிலையத்துக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீர் விட்டுப் பம்பையும் குழாயையும் கழுவியாக வேண்டும். கழுவாமல் விட்டால் துருப்பிடித்துப் போகும். இரவெல்லாம் தீயோடு மல்லுக்கட்டியவர்கள் விடிந்ததும் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்வார்களாம். இப்படிப்பட்ட செய்தி எந்த வரலாற்றிலும் வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்று. தீயணைப்பு வீரர்களை நாடே நினைக்கும் ஏப்ரல் 14, ஒரு துறைமுகத்தில் நடந்த சோகத்தால் வந்த நாள். 1944இல் பம்பாய் விக்டோரியா துறையில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் தீப்பிடித்து வெடித்தது. தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் மாண்டார்கள். நமக்கு அது பெரும்பாலும் சித்திரை முதல் நாளாகவும் அமைந்துவிடுவதால், புத்தாண்டுப் பரபரப்பில் அவர்களை மறந்துவிடுகிறோம். டீசலும் வலையும் ஐஸ் பெட்டியுமாகப் படகுகள் நெருக்கிக் கட்டிக் கிடக்கும் எங்கள் கரைகளில் அந்தக் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இப்போது ஓலை வீடுகள் குறைந்துவிட்டன. சரி, நல்லதுதான். ஆனால் கூரை ஏறியவர்களுக்கும் வயதாகிவிட்டது. இராமநாதபுரம், இராமேசுவரம் போன்ற ஊர் நிலையங்களில் அழைப்பு வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், எரிந்த வீடுகள் என்று எழுதி வைத்த பழைய பதிவேடுகள் எத்தனை மிஞ்சியிருந்தாலும், அவை காகிதக் கடைக்குப் போகாமல் தீயணைப்புத் துறை காப்பாற்ற வேண்டும். உங்கள் இதழும் அடுத்த ஏப்ரலுக்குள் ஒரு செய்தியாளரை இந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். பேசுவதற்குப் பெரியவர்கள் தயாராக இருக்கிறார்கள். வீடு வீடாக நானே அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தேவிபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்