டெலிக்குப் போகிறவனுக்கு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கப் போகிறாய் என்பதில் மகிழ்ச்சி. "ரெண்டு துண்டு ரொட்டிக்கு நடுவுல கறி வச்சுக் குடுக்க இருபத்தஞ்சு டாலருக்கு மேல வாங்குறானாமே, அப்படி என்னடா இருக்கு அதுல?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். நீ கேட்பது பஸ்ட்ராமி சாண்ட்விச், உப்புநீரில் ஊறவைத்துப் புகைபோட்ட மாட்டுக்கறி வைத்தது. அந்தக் காசு ரொட்டிக்கு இல்லை. உன் தட்டுக்கு வருவதற்கு முன் அந்தக் கறி பட்ட பாட்டுக்கு.

நியூயார்க்கில் நீ போக வேண்டிய கடை காட்ஸ். இதைப் போன்ற கடையை டெலி என்பார்கள், யூதக் குடியேறிகள் வழக்கத்தில் வந்த, பதப்படுத்திய கறியும் சாண்ட்விச்சும் விற்கும் கடை. மன்ஹாட்டனில் லோயர் ஈஸ்ட் சைடு, ஹவ்ஸ்டன் தெருவும் லட்லோ தெருவும் சேரும் முனை. டெக்சாஸ் ஊர்ப் பெயரைப் போல 'ஹியூஸ்டன்' என்று வழி கேட்காதே, சிரிப்பார்கள். எஃப் ரயிலில் செகண்ட் அவென்யூ நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடை. 1888இல் தொடங்கிய கடை. மத்தியானம் ஒரு மணிக்கும் சனி ஞாயிறிலும் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். வார நாளில் காலை பதினொரு மணிக்கு முன் போய்விடு.

உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு சீட்டு தருவார்கள். நீ வாங்குவதை எல்லாம் அதில்தான் குறிப்பார்கள், வெளியே வரும்போது அதைக் காட்டித்தான் பணம் கட்ட வேண்டும். ஒன்றுமே சாப்பிடாதவரும் வெற்றுச் சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொலைத்தால் தண்டம் உண்டு. சட்டைப்பையில் பத்திரமாக வை, மேசையில் வைத்தால் துடைத்த காகிதத்தோடு குப்பைக்குப் போய்விடும்.

சுவரோரமாகப் பரிமாறுபவர் வரும் மேசைகள் இருக்கின்றன. அங்கே உட்காராதே. நேரே கவுண்டருக்குப் போ. கறி வெட்டுபவரைக் கட்டர் என்பார்கள், ஒவ்வொரு கட்டருக்கும் ஒரு வரிசை. அந்தச் சாண்ட்விச்சில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். பஸ்ட்ராமிக்குப் பழைய வழக்கப்படி எடுப்பது மாட்டின் அடிவயிற்றுப் பக்கத்து நேவல் என்ற துண்டு. கொழுப்பும் சவ்வும் அடுக்கடுக்காக இருக்கும், லேசில் வேகாது. இப்போது பல கடைகளில் நெஞ்சுக்கறிதான். இரண்டுமே முன்பாதிக் கறி. அதற்குக் காரணம் கோஷர் எனப்படும் யூதர்களின் உணவு விதி. பின்பாதியைச் சாப்பிட வேண்டுமானால் இடுப்பு நரம்பையும் சில கொழுப்புகளையும் முழுசாக நீக்க வேண்டும். அது பெரிய வேலை என்பதால் அமெரிக்காவில் பின்பாதியை வெளியே விற்றுவிட்டு முன்பாதியை வைத்துக்கொண்டார்கள். ருமேனியாவிலிருந்து வந்தவர்கள் அங்கே வாத்துக்கறியிலும் ஆட்டுக்கறியிலும் செய்த 'பஸ்த்ராமா'வை இங்கே மலிவாகக் கிடைத்த இந்த மாட்டுக்கறியில் செய்தார்கள். அந்தச் சொல்லுக்கும் முந்தியது துருக்கியரின் 'பஸ்துர்மா', அழுத்தியது என்று பொருள்.

முதலில் உப்புநீரில் ஊறல். அந்த நீரில் நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பும் கொஞ்சம் உண்டு. வெந்த பிறகும் கறி சிவப்பாகவே இருப்பது அதனால்தான். பச்சைக்கறி என்று பயந்து தள்ளிவைத்துவிடாதே. அவசரக்காரர்கள் ஊசி போட்டு உப்புநீரை உள்ளே ஏற்றி இரண்டொரு நாளில் முடித்துவிடுவார்கள். காட்ஸில் ஒரு மாதம் வரை ஊறவைப்பதாகச் சொல்கிறார்கள். ஊறியதும் மிளகு, மல்லி, பூண்டு எல்லாம் அப்பிப் புகைபோடுவார்கள். (தனியாவும் மிளகும் கரகரவென்று பல்லில் படும்போது உனக்குப் புது ஊர் மாதிரியே தோன்றாது.) பிறகு வேகவைத்து, கடைசியில் ஆவிப்பெட்டியில் வைப்பார்கள். சவ்வெல்லாம் உருகிக் கூழாகிக் கறிக்குள்ளேயே தங்குவது இந்த ஆவியில்தான். புகை மணத்துக்கு, ஆவி பதத்துக்கு.

இந்தப் பதத்துக்கு வந்த கறியை இயந்திரத்தில் கொடுத்தால் உதிர்ந்துவிடும். இயந்திரத்துக்கு ஆறிய, விறைப்பான கறி வேண்டும். எங்காவது காகிதம் போல மெல்லிசாகச் சீவிய பஸ்ட்ராமியைக் குவித்து வைத்தால் சந்தேகப்படு. சரியாக வேகாத கறியின் முறுக்கை மறைக்க அதுவே எளிய வழி. காட்ஸில் கட்டர் பெரிய முள்கரண்டியால் ஆவியிலிருந்து துண்டைத் தூக்கிப் பலகையில் போடுவார். தடித்த கொழுப்பை ஓரத்தில் சீவித் தள்ளுவார். பிறகு நாருக்குக் குறுக்கே, ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டுவார். ஒவ்வொரு துண்டிலும் ஓரம் கறுப்பு, உள்ளே சிவப்பு, நடுவே வெள்ளைக் கோடு. நாரோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டினால் எவ்வளவு வெந்திருந்தாலும் கயிறு மாதிரி இழுக்கும்.

ஆர்டர் சொல்வது சுலபம்: "பஸ்ட்ராமி, ரை ரொட்டி, கடுகு, ஜூசி." கடுகு என்றால் அரைத்த கடுகு விழுது. கடைசிச் சொல்தான் முக்கியம், கொழுப்பும் சாறும் உள்ள பக்கம் என்று பொருள். 'லீன்' என்று கொழுப்பில்லாமல் கேட்டால் காய்ந்த துண்டுதான் வரும், பிறகு கடையைத் திட்டாதே. வெட்டும்போதே ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டுவார். தின்று பார். காய்ந்திருந்தால் வேறு பக்கத்திலிருந்து வெட்டச் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவருக்கென்று ஒன்றிரண்டு டாலர் வைத்துவிடுவது வழக்கம்.

மயோனைஸ் கேட்காதே. கறியிலேயே கொழுப்பு இருக்கிறது, அதற்கு உறைப்பும் புளிப்பும்தான் வேண்டும். இறைச்சியோடு பால் பொருள் சேரக்கூடாது என்ற விதியால் வெண்ணெயும் சீஸும் பழைய டெலிகளில் இல்லை, கடுகு நிலைத்துவிட்டது. காட்ஸ் இன்று கோஷர் கடை அல்ல. கார்ன்டு பீஃபோடு சீஸ் வைத்த ரூபன் சாண்ட்விச்சும் அங்கே கிடைக்கும். நல்ல பண்டம்தான், ஆனால் முதல் தடவைக்கு வேண்டாம். கார்ன்டு பீஃப் என்பது நெஞ்சுக்கறியை உப்புநீரில் ஊறவைத்து வேகவைப்பது, புகையும் மிளகுப் பூச்சும் கிடையாது.

ரை என்பது கோதுமை போன்ற ஒரு தானியம். ஆனால் ரை ரொட்டி என்ற பெயரை வைத்து முழுக்கக் கருத்த ரொட்டியை எதிர்பார்க்காதே, அதில் கோதுமைதான் அதிகம். சீரகம் போலத் தெரிவது கேரவே விதை. ரொட்டிதான் இன்று நியூயார்க் டெலிகளின் பலவீனம் என்பது என் கருத்து, மேல்தோல் மெத்தென்று போய்விட்டது. லாஸ் ஏஞ்சலஸில் 1947 முதல் இருக்கும் லாங்கர்ஸில் ரொட்டியை இரண்டாம் முறை சுட்டுச் சூடாக வெட்டுவார்கள். தோல் மொறுமொறுவென்று நிற்கும், கறியின் ஈரத்தையும் தாங்கும்.

ஒரு சாண்ட்விச்சில் முக்கால் பவுண்டு அளவுக்குக் கறி இருக்கும். இருவர் பகிர்ந்தால் போதும். முதலில் முள்கரண்டியால் நாலைந்து துண்டை எடுத்துத் தின்றுவிடு, பிறகுதான் வாய் கொள்ளும். கூடுதல் கடுகைக் கறி மேல் தடவு, ரொட்டியில் தடவினால் ஊறிப் பிய்ந்துவிடும். கையில் எடுத்த பாதியைக் கீழே வைக்காமல் முடி. ஆறினால் கொழுப்பு உறைந்து மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும்.

கூடவே ஊறிய வெள்ளரிக்காய் வரும். வினிகர் கிடையாது. நம் மாவடு போல உப்புநீரிலேயே புளித்தது. பச்சையாக, நறுக்கென்று இருப்பது சில நாள் ஊறிய அரைப்புளிப்பு. ஒலிவ நிறத்தில் இருப்பது வாரக்கணக்கில் ஊறிய முழுப்புளிப்பு. இரண்டு வாய் கறி, ஒரு கடி காய் என்று போனால் திகட்டாது. குடிக்க டாக்டர் பிரௌன்ஸின் செல்ரே சோடா, செலரி என்ற கீரைத்தண்டின் வாசனையோடு. பிடிக்காதவர்களே அதிகம், நான் பிடித்தவர்கள் பக்கம். உன் வீட்டில் மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்கு லட்கே என்ற உருளைக்கிழங்கு அடை இருக்கிறது.

மிஞ்சியதைக் கட்டச் சொன்னால் கறியும் ரொட்டியும் தனித்தனியாக இருக்கட்டும். மைக்ரோவேவில் வைக்காதே, கொழுப்பு வடிந்து கறி தோலாகிவிடும். இட்லிச் சட்டியில் ஐந்தாறு நிமிடம் ஆவி காட்டு, பழைய பதம் திரும்பிவிடும்.

வீட்டில் செய்ய முடியுமா என்றும் கேட்டிருந்தாய். நைட்ரைட் அளவில் விளையாடாதே. கடையில் ஏற்கெனவே ஊறவைத்த, வேகாத கார்ன்டு பீஃப் பொட்டலம் விற்கிறார்கள். இரண்டு கிலோ துண்டு, கொழுப்புள்ள 'பாயிண்ட்' பக்கமாகப் பார்த்து வாங்கு. குளிர்பெட்டியில் பச்சைத் தண்ணீரில் இராமுழுக்கப் போட்டு இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்று. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான், உப்பு இறங்காவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. சின்னத் துண்டு வெட்டி வறுத்துத் தின்று பார்த்துவிட்டு மேலே போ. நாலு மேசைக்கரண்டி மிளகு, மூன்று மல்லி, ஒன்றொன்று பூண்டுப்பொடியும் பாப்ரிகா என்ற மிளகாய்ப்பொடியும், கொரகொரப்பாக இடித்து அப்பு. மாப்பிள்ளையின் கிரில்லில் 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் புகைபோடு, உள்சூடு 70ஐத் தொடும் வரை. அதன்பின் உள்சூடு 95 ஆகும் வரை ஆவியில் வேகவை, இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தை நம்பாதே, முள்கரண்டி தடையில்லாமல் இறங்கினால் வெந்தது. வெட்டும்போது கவனி: நெஞ்சுக்கறியில் இரண்டு தசைகள், நார் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு திசை. பாதியில் துண்டைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

செய்தால் எழுது. உப்பு சரியாக இறங்கியதா என்பதை முதலில் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்