ரிச்சர்ட் டாலின் நுரையீரல் புற்றுநோய் ஆய்வுகளைத் தமிழில் நூலாக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவர்களுள் முதன்மையானவரான பிரிட்டிஷ் மருத்துவர் சர் ரிச்சர்ட் டாலின் (1912–2005) ஆய்வு வாழ்க்கையை, அவருடைய முக்கிய அறிக்கைகளின் அட்டவணைகளோடும் விளக்கங்களோடும் தமிழில் ஒரு நூலாகக் கொண்டுவர எங்கள் குழு முடிவு செய்துள்ளது. மொழிபெயர்ப்பும் மருத்துவர்கள் சரிபார்க்கும் பணியும் ஊதியமின்றி நடந்துவருகின்றன. அச்சுக்கும் அட்டவணைகளுக்குப் பெற வேண்டிய அனுமதிகளுக்கும் ஆகும் செலவுக்காகவே உங்கள் உதவியை நாடுகிறோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோயால் இறப்போரின் எண்ணிக்கை விரைந்து ஏறியபோது, தார்ச்சாலைகளும் மோட்டார் வண்டிப் புகையுமே காரணமாக இருக்கலாம் என்று டால் முதலில் எண்ணினார். புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லுடன் சேர்ந்து லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் விரிவான கேள்விகள் கேட்கச் செய்து, நுரையீரல் புற்றுநோய் கண்ட 709 பேரை அதே வயதும் பாலினமும் கொண்ட, வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 709 பேருடன் அவர் ஒப்பிட்டார். நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைக்காதவர் இருவரே. ஒப்பீட்டுக் குழுவின் 649 ஆண்களில் புகைக்காதவர் 27 பேர். முடிவு தெளிவாகத் தொடங்கியபோதே டால் தம் புகைப்பழக்கத்தை விட்டுவிட்டார். 1950 செப்டம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அமெரிக்காவில் வின்டர், கிரஹாம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதே ஆண்டில் சில மாதங்கள் முன்னரே இதையொத்த முடிவை வெளியிட்டிருந்தனர் என்பதையும் நூல் மறைக்காமல் சொல்லும்.

நோயாளியிடம் பழைய பழக்கத்தைக் கேட்டு எழுதுவதில் நினைவுப் பிழை நுழையக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. அதற்கு விடையாகத்தான், இன்றளவும் எங்களை வியக்கவைக்கும் இரண்டாவது ஆய்வு பிறந்தது. 1951இல் பிரிட்டனின் மருத்துவர்களுக்கே கேள்வித்தாள் அனுப்பினார்கள். மருத்துவர்களின் பெயர்கள் பதிவேட்டில் இருந்ததால், ஆண்டுகள் கடந்தாலும் அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, எதனால் இறந்தார்கள் என்பதைத் தொடர்ந்து அறிய முடிந்தது. ஏறத்தாழ 40,000 பேர் பதில் எழுதினர். 1954இல் வந்த முதல் அறிக்கையிலேயே, நுரையீரல் புற்றுநோயால் இறந்த 36 பேரில் ஒருவர்கூடப் புகைக்காதவராக இல்லை. அதன்பின் அடுத்தடுத்து அறிக்கைகள் வந்தன. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2004இல், 34,439 ஆண் மருத்துவர்களைப் பற்றிய அறிக்கையில் 91 வயது டாலும் ஆசிரியர்களுள் ஒருவராக இருந்தார். 1900க்கும் 1930க்கும் இடையில் பிறந்து தொடர்ந்து சிகரெட் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். 50 வயதில் விட்டவர்கள் சுமார் 6 ஆண்டுகளையும், 30 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய அந்தப் பத்து ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர். புகையை விட முயலும் ஒருவர் தம் தாய்மொழியில் படிக்க வேண்டிய அட்டவணை இதுதான் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

ஓர் ஆய்வைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று எண்ணி அறிவியலாளரை மதிப்பிடுவது இன்றைய வழக்கம். புள்ளியியலாளர் ரிச்சர்ட் பீட்டோவுடன் டால் 1981இல் எழுதிய, அமெரிக்கப் புற்றுநோய் இறப்புகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குப் புகையிலையே காரணம் என்று கணித்த கட்டுரை ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் மேற்கோளாகியுள்ளது. லண்டன் ஆய்வும் மருத்துவர் ஆய்வும் 1962இல் பிரிட்டனின் மருத்துவர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் வெளியிட்ட அறிக்கைக்கும், 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கைக்கும் வலுவான சான்றுகளாயின. ஆனால் ஜெர்மனியில் ஷைரர், ஷோனிகர் என்ற இருவர் 1943லேயே இத்தகைய தொடர்பை ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தனர். போர்க்காலத்தில் வந்த அந்தக் கட்டுரையைப் பல பத்தாண்டுகள் வெளியுலகில் மிகச் சிலரே படித்தார்கள். படிக்கப்படாத ஆய்வு யாரையும் காப்பதில்லை என்பதால் நூலில் அதற்குத் தனி இயல் ஒதுக்கியுள்ளோம்.

நம் மண்ணோடு நேரடித் தொடர்புள்ள ஒரு பகுதியும் உண்டு. பீட்டோவும் சென்னை ஆய்வாளர் கஜலட்சுமியும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் இறந்த சுமார் 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டு 2003இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். இங்கே புகை பறித்த உயிர்களில் காசநோயாளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அந்த ஆய்வு காட்டியது.

டால் வேதிப்பொருள் நிறுவனங்களிடம் ஆலோசனைக் கட்டணம் பெற்றுவந்தது அவர் இறந்தபின், 2006இல், பரவலாகப் பேசப்பட்டது. புகையிலை பற்றிய அவருடைய முடிவுகளைப் பின்வந்த ஆய்வுகள் பலமுறை உறுதிசெய்துவிட்டன என்றாலும், பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வாசகர் அறிய வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. எனவே புகையிலை, மருந்து, வேதிப்பொருள் நிறுவனங்களிடமிருந்து ஒரு ரூபாயும் பெறுவதில்லை என்று முடிவு செய்துள்ளோம். தனிமனிதர்கள் தரும் சிறு தொகைகளையே நம்பியிருக்கிறோம்.

1,000 படிகள் அச்சிட்டு, பாதியை ஊர்ப்புற நூலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் இலவசமாக அனுப்பவும், மின்னூலை எவரும் விலையின்றிப் பெறும்படி வைக்கவும் மொத்தம் ரூ. 2,80,000 தேவைப்படுகிறது. ரூ. 200 முதல் இயன்ற தொகையைத் தரலாம். ஒருவரிடமிருந்து ரூ. 10,000க்கு மேல் பெற மாட்டோம். குழுவின் பொருளாளரிடம் வங்கிக் கணக்கு விவரம் பெற்றுத் தொகையை அனுப்பினால் உரிய ரசீது தரப்படும். பெயர் வெளியிட விரும்பாதோர் அதை முன்கூட்டியே தெரிவிக்கவும். அச்சுப்பணி முடிந்த ஒரு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். தொகை மீந்தால் கூடுதல் படிகள் அச்சிடப்படும்.

அன்புடன்,
நூலாக்கக் குழுவினர்