விடுகை விழா நடத்துகிறவர்களுக்கு ஓர் அம்மம்மாவின் மடல்

திருகோணமலையில் முன்பள்ளி நடத்துகிற ஆசிரியைகளுக்கும் பெற்றோர் குழுக்களுக்கும்,

வணக்கம். கடந்த மார்கழியில், முன்பள்ளியை முடிக்கிற பிள்ளைகளை வழியனுப்புகிற விடுகை விழாவுக்கு, என் பேத்திக்காகப் போயிருந்தேன். எந்த முன்பள்ளி என்பது இங்கே தேவையில்லை. நான் பார்த்த விழாக்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைதான்.

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கி, தலையில் பட்டதாரித் தொப்பி. தொப்பி பெரிது, கண்ணை மறைத்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சான்றிதழ் வாங்கினாள். அதற்கு முன் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினாள். காதலன் வரவில்லையே என்று கதாநாயகி ஏங்குகிற பாட்டு. பூசிவிட்ட உதட்டுச் சாயம் பல்லிலும் ஒட்டியிருந்தது; அது விழப்போகிற பால்பல். கடைசியில் விளக்கை அணைத்து, பிள்ளைகளின் கைக்குழந்தைப் படங்களைத் திரையில் ஓடவிட்டு, ‘ஏன் இத்தனை சீக்கிரம் வளர்ந்துவிட்டாய்’ என்று உருகும் ஓர் ஆங்கிலப் பாட்டைப் போட்டார்கள். மண்டபமே மூக்கை உறிஞ்சியது. நானும் அழுதேன், மறைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் கோபம் வந்தது. அங்கியும் சாயமும் போட்டு அவசரப்படுத்தியவர்கள் நாங்கள்; ஏன் அவசரப்பட்டாய் என்று பிள்ளையைக் கேட்பவர்களும் நாங்களே!

பிள்ளை வளர்வதைப் பாட எங்களிடம் பாட்டு இல்லையா? பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகையே இருக்கிறது. பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. ஐந்தாம் மாதத்தில் பிள்ளை ஒரு காலை மடக்கி, கையை ஊன்றி, தலையைத் தூக்கி ஆடுமே, அதற்குச் செங்கீரை என்று பெயர். பிறகு தாலாட்டு, பிறகு கைகொட்டும் சப்பாணி, பிறகு முத்தம். ஏன் வளர்ந்தாய் என்று அழாமல், வளர்கிற ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்துப் பாடியிருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர், முடிசூடிய சோழன் இரண்டாம் குலோத்துங்கனையே குழந்தையாக்கிப் பாடினார். அவர்கள் பெரியவர்களைப் பிள்ளையாக்கிப் பாடினார்கள். நாங்கள் பிள்ளைகளைப் பெரியவர்களாக்கி ஆடவைக்கிறோம்.

புலவர் பாட்டு கடினம் என்றால், தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடுகிற ஏணைப் பாட்டு இருக்கிறதே. அழுகிற பிள்ளையிடம் அடித்தது யார் என்று கேட்டு, மாமன் மல்லிகைப்பூச் செண்டால் அடித்தானோ, அத்தை அரளிப்பூவால் அடித்தாளோ என்று உறவையெல்லாம் வரிசையாக இழுத்து வரும் பாட்டு. என் தாய் அதில் எங்கள் ஒழுங்கையில் இருந்த எல்லோருடைய பெயரையும் சேர்த்துவிடுவார். கடன் திருப்பித் தராதவர்கள் பெயரும் வரும்!

நான் கேட்பது சிறிய காரியம். இந்த வருட விழாவில் அந்த ஆங்கிலப் பாட்டு ஓடுகிற ஐந்து நிமிடத்தை ஒரு தாய்க்கோ பாட்டிக்கோ கொடுங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் வீடுகளில் பாடுகிற தாலாட்டு வேறு மாதிரி இருக்கும், அவர்களையும் கூப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு ஆட்டம் வேண்டுமென்றால் பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் இருக்கிறது, நிலாவை விளையாட வா என்று கூப்பிடுவது. எங்கள் ஊரில் அதற்குத் திரைச்சீலை கட்ட வேண்டியதில்லை. பௌர்ணமியன்று டச்சுக் குடாக் கரையில் நின்றால் நிலா கடலுக்குள்ளிருந்து எழும். போன மாதம் பேத்தி அங்கே கச்சான் கொறித்துக்கொண்டு நின்றவள், நிலாவுக்கும் இரண்டு கச்சானை நீட்டினாள். யாரும் பழக்கிக் கொடுக்கவில்லை.

பாட ஆளில்லை என்று சொல்லிவிடாதீர்கள். அழைத்தால் நானே வருவேன். என் குரல் கரகரக்கும்; ஒலிவாங்கியை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஓர் அம்மம்மா